மங்கம்மாள் சாலையில் தெற்கே: மதுரையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை

வியாழன் இரவு, மதுரை

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. ரயில் பயணிகளுக்காகக் கட்டியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரயில் இந்த ஊருக்கு வந்ததே 1870-களில், சத்திரம் வைத்த ராணியோ அதற்கு ஏறக்குறைய 170 வருஷம் முந்தியவள். தெற்கேயிருந்து நடந்தும் வண்டி கட்டியும் வந்தவர்கள் படுத்து எழுந்து போக வைத்த இடம் அது.

நாளையிலிருந்து மதுரையை விட்டுத் தெற்கே அந்தப் பழைய சாலையிலேயே போகப் போகிறேன். இப்போது அதன் பெயர் தேசிய நெடுஞ்சாலை 44. 2010-இல் எண் மாற்றுவதற்கு முன்னால் என்.எச். 7, வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும். அதற்கும் முன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அது மங்கம்மா சாலை. நான்குவழிச் சாலையில் போனால் நாலு மணி நேரத்தில் குமரிக் கடலைப் பார்த்துவிடலாம். அப்படிப் போக எனக்கு ஆசை இல்லை, ஊருக்குள் நுழையும் பழைய ரோட்டில் போய் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கூட வருவது என் தாய்மாமா. மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே லாரி ஓட்டியே தலை நரைத்தவர். போகும்போது விருதுநகர்ப் பருப்பு, வரும்போது நேந்திரங்காய். எனக்குத் தெரிந்த எந்தப் புத்தகத்தையும் விட இந்த ரோடு அவருக்கு நன்றாகத் தெரியும்.

மங்கம்மாளைப் பற்றிச் சுருக்கமாக. சொக்கநாத நாயக்கரின் மனைவி. புருஷன் போய், மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பனும் பெரியம்மையில் போய், கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்குப் பட்டம் கட்டிவிட்டு 1689 முதல் 1706 வரை அவன் பேரில் நாட்டை ஆண்டவள். வடக்கே ஔரங்கசீப்பின் படைத் தலைவர்கள், பக்கத்தில் தஞ்சாவூர், மேற்கே மைசூர், எல்லாப் பக்கமும் நெருக்கடி. அதற்கு நடுவே சாலை போட்டு, இரண்டு பக்கமும் மரம் வைத்து, கிணறு வெட்டி, சத்திரம் கட்டினாள். தெரியாமல் இடது கையால் தாம்பூலம் எடுத்து வாயில் போட்டுவிட்ட பாவத்துக்குப் பரிகாரமாக இந்தத் தர்மமெல்லாம் செய்தாள் என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. அத்தனை காரியத்தையும் யோசித்துச் செய்த ஒரு பொம்பளையின் புத்தியை ஒரு வெற்றிலைக்குள் மடித்து வைக்கிற கதை அது. இதே ராணி 1690-களின் கடைசியில் கப்பம் பாக்கி வைத்த திருவிதாங்கூர் மேல் படை அனுப்பியவள். படைக்கும் வரிக்கும் சரக்குக்கும் சாலை வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நடந்து போகிறவனுக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்ததுதான் பெரிய விஷயம்.

சாயங்காலம் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் மீனாட்சி கல்யாண ஓவியத்தில் மங்கம்மாளும் பேரனும் நிற்கிறார்கள். கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் படம் இல்லை, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன்.

வெள்ளி இரவு, கோவில்பட்டி

காலையில் ஆல்டோவை எடுத்துக்கொண்டு பழங்காநத்தம் வழியாகக் கிளம்பியாயிற்று. திருப்பரங்குன்றத்து மலை இடது பக்கம் தெரிந்துகொண்டே வந்தது. கப்பலூர் சுங்கச்சாவடியில் வழக்கமான வரிசை. ஊரை ஒட்டி வைத்த அந்தச் சாவடியை எடுக்கச் சொல்லித் திருமங்கலத்துக்காரர்கள் பல வருஷமாகப் போராடுகிறார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். பக்கத்து ஊருக்குச் சந்தைக்குப் போகிறவனிடம் காசு வாங்குகிற சாலை அவனுக்கு என்ன சாலை?

திருமங்கலம் தாண்டியதும் மாமா பேச ஆரம்பித்தார். "மாப்ள, இதுல ரெண்டு பக்கமும் புளியமரம். மேல கொப்பு கோத்துக்கிட்டு நிக்கும். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வண்டிய ஓரங்கட்டிட்டு அடியில படுத்தா மூணு மணிக்குத்தான் எந்திரிப்போம்." இப்போது அந்த இடத்தில் நடுவில் அரளிச் செடி, இரண்டு பக்கமும் வெயில். இந்த மரங்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் நம்பர் உண்டு. அடிமரத்தில் வெள்ளையும் கறுப்பும் பட்டையாக அடித்து, அதன் மேல் எண் எழுதியிருப்பார்கள். வருஷா வருஷம் புளி மகசூலை ஏலம் விடுவார்கள், எடுத்தவர்கள் ஆள் வைத்து உலுக்கிக்கொண்டு போவார்கள். நிழலுக்கு நிழல், அரசாங்கத்துக்கு வருமானம், ஊர்க்காரர்களுக்குப் புளி. 2000-களில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலைத் திட்டத்தில் நான்கு வழியாக்கியபோது ரோட்டை அகலப்படுத்தத் தடையாக இருந்த மரங்கள் போய்விட்டன. அகலப்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். மாமாவின் கூட்டாளிகளில் எத்தனை பேர் அந்த ஒற்றைச் சாலையில் எதிர்வண்டி மோதிச் செத்தார்கள் என்று அவர் வரிசையாகப் பெயர் சொன்னார். ஆனால் வெட்டிய மரத்துக்கு ஈடாகப் புதிய ரோட்டின் ஓரத்தில் மரம் வளர்த்திருக்கலாமே, இத்தனை வருஷத்தில் ஒரு வேம்பு ஆளுயரம் தாண்டி நிழலே கொடுத்திருக்குமே. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கள்ளிக்குடியில் ஒரு டீ. விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டதைத் தவிர நிற்கவில்லை. காமராசர் வீட்டை முன்பே பார்த்திருக்கிறேன்.

எட்டூர்வட்டம் சாவடிக்கு அப்புறம் மண் நிறம் மாறிவிட்டது. கரிசல். ஏன் இந்தப் பகுதியில் சாலை போட்டது அத்தனை முக்கியம் என்று புரிய வேண்டுமென்றால் கரிசல் மண்ணை மழையில் பார்க்க வேண்டும். தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழைக் காலத்தில் மாட்டு வண்டிச் சக்கரத்தில் அப்பி அப்பிச் சக்கரமே சுற்றாது, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பருத்தி விளைந்ததும் இந்த மண்ணில்தான், அதைச் சந்தைக்குக் கொண்டு போக முடியாமல் வண்டி முடங்கியதும் இந்த மண்ணில்தான். வெள்ளைக்காரன் காலத்தில் கல் கொட்டி மெட்டல் ரோடு போட்டதில் பருத்திக்குப் பெரிய பங்கு உண்டு, அது தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டுமே. இன்றைக்கும் கரிசலில் ரோடு போடுவது பெரிய வேலை, அடியில் செம்மண்ணோ சரளையோ நிரப்பாமல் போட்டால் ஒவ்வொரு மழைக்கும் ரோடு அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும். சாத்தூருக்குத் தெற்கே காரில் போகும்போதே சில இடங்களில் அந்தத் தூக்கல் தெரிகிறது.

சாத்தூரில் ஊருக்குள் போனோம். காராசேவு வாங்காமல் எப்படி வருவது. ஆனால் நான் தேடிப் போனது வேறு: சாத்தூர் பேனா நிப். பள்ளிக்கூடத்தில் மையூற்றிப் பேனா பிடித்த தலைமுறைக்கு இந்த ஊர் நிப்பைத் தெரியாமல் இருக்காது. பந்து முனைப் பேனா வந்தது, தொழில் படுத்துவிட்டது. ஒரு ஸ்டேஷனரிக் கடையில் கேட்டதும் கடைக்காரர் உள்ளே போய் ஒரு பழைய தகர டப்பாவை எடுத்து வந்து திறந்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய நிப்புகள். நடுவில் பிளவு, பிளவு முடிகிற இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. "அந்தத் தொளை இல்லேன்னா மை எறங்காது தம்பி" என்று நகத்தில் வைத்து அழுத்திக் காட்டினார், இரண்டு கால்களும் மயிரிழை விலகிச் சேர்ந்தன. இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

வைப்பாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பச்சை வேட்டிகள். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள், தைப்பூசம் வருகிறது அல்லவா. அணுகுசாலை ஓரமாக வரிசையாக நடக்கிறார்கள், சட்டையின் முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்தேன். வெயிலில் தார் கொதித்ததால் ஒரு அக்கா காலில் துணி சுற்றியிருந்தார். "எங்கக்கா உக்காருவீங்க?" என்று கேட்டேன். "பாலத்துக்கு அடியில தம்பி. அங்கதான் நெழலு." மங்கம்மாள் யாரை நினைத்துச் சாலை போட்டாளோ அவர்கள் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நாம்தான் அவர்களை மேம்பாலத்துக்கு அடியில் உட்கார வைத்திருக்கிறோம். சரி, சும்மா புலம்பக்கூடாது, ஒன்றையும் சொல்ல வேண்டும்: கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்து இளவட்டங்கள் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுத்தார்கள். எங்களையும் காரை நிறுத்தச் சொல்லிக் குடிக்க வைத்துத்தான் விட்டார்கள்.

வழியெல்லாம் அணுகுசாலையில் மக்காச்சோளம் காய்கிறது. மஞ்சளாக, ரோட்டில் பாதி அகலத்துக்கு. அதைச் சுற்றிக் கல் வைத்திருக்கிறார்கள், வண்டிகள் ஒதுங்கிப் போகின்றன.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேலே கலர் கலராகத் தேங்காய்த் துருவல் தூவியிருப்பதைப் பார்த்தாலே ஊரைச் சொல்லிவிடலாம். மாமா வீட்டுக்கு இப்போதே ரெண்டு கிலோ வாங்கிவிட்டார்.

சனி இரவு, திருநெல்வேலி

காலையில் சாலைப்புதூர் சாவடி தாண்டிக் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். பாஞ்சாலங்குறிச்சி இங்கிருந்து வெகு தூரம் கிழக்கே இருக்கிறது. அப்புறம் ஏன் கயத்தாறு? கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் மற்ற பாளையக்காரர்களையெல்லாம் இங்கே வரவழைத்து, அவர்கள் கண் முன்னால்தான் தண்டனையை நிறைவேற்றினான். மதுரையிலிருந்து நெல்லைக்குப் போகிற பெரிய சாலை இது. போகிற வருகிற ஒவ்வொருவனும் பார்க்க வேண்டும், ஒவ்வொரு ஊருக்கும் சேதி போக வேண்டும் என்று நினைத்திருப்பார்கள், என் ஊகம் இது. தூக்குப் போட்டதும் ஒரு புளியமரத்தில். ஒரு ராணி நிழல் கொடுக்க மரம் வைத்த சாலையில் நூறு வருஷத்துக்குள் மரத்துக்கு இப்படி ஒரு உபயோகத்தைக் கம்பெனிக்காரன் கண்டுபிடித்தான்.

ஆனால் சேதி அவன் நினைத்தபடி போகவில்லை. வழிப்போக்கர்கள் அந்த இடத்தைத் தாண்டும்போது ஆளுக்கொரு கல்லை எடுத்துப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், அது பெரிய கற்குவியலாகவே வளர்ந்திருந்தது என்று சொல்கிறார்கள். 1970-இல் சிவாஜி கணேசன் இடத்தை வாங்கி அங்கே சிலை வைத்தார். பிற்பாடு அரசு மணிமண்டபமும் கட்டியது. நாங்கள் போனபோது ஒரு பள்ளிக்கூடப் பேருந்து நின்றது, பிள்ளைகள் சிலையைப் பார்த்துவிட்டு ஐஸ் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். லாரி ஓட்டிய காலத்தில் இந்த இடத்தில் ஒருதடவை ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவாராம்.

கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயம், ரோட்டில் மான் எச்சரிக்கைப் பலகை. தாழையூத்தில் 1949-இல் தொடங்கிய சிமெண்ட் ஆலை. இரண்டையும் காரிலிருந்தே பார்த்தோம். மதியச் சாப்பாட்டுக்கு நெல்லை, சாப்பிட்டு முடித்ததும் நேரே சுலோசன முதலியார் பாலம்.

இந்தப் பாலத்தைப் பற்றித்தான் இந்தப் பயணத்தில் அதிகம் எழுத வேண்டும் என்று முதலிலேயே நினைத்திருந்தேன். மங்கம்மாள் சாலை போட்டாலும் தாமிரபரணிக்கு மேலே பாலம் போடவில்லை. பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே ஆறு. வெள்ளம் வந்தால் ஓடம்தான், ஓடக்காரன் கேட்டதைக் கொடுக்க வேண்டும், ஏறுவதற்கு அடிதடி. 1840 வாக்கில் கம்பெனி நிர்வாகம் பாலம் கட்டத் திட்டம் போட்டது. ஏறக்குறைய 50,000 ரூபாய் ஆகும், பணத்தைப் பொதுமக்களிடம் வசூலிக்க வேண்டும் என்றார்கள். கலெக்டர் கச்சேரியில், அதாவது அலுவலகத்தில், சிரஸ்தாராக (தலைமை எழுத்தர் மாதிரி) இருந்தவர் சுலோசன முதலியார். ஊரார் தலையில் வசூலைப் போட மனமில்லாமல், மொத்தச் செலவையும் தானே ஏற்றுக்கொண்டார். வீட்டு நகையெல்லாம் போனது என்று நெல்லையில் இன்றும் சொல்கிறார்கள். பொறியாளர் ஃபேபர் வரைந்த வடிவம், இன்னொரு பொறியாளர் ஹார்ஸ்லி கட்டியது, 1843-இல் திறந்தார்கள். பதினொரு வளைவு. லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயல் என்பார்கள்.

பாலத்துக்கு மேலே நின்றால் ஒன்றும் தெரியாது. பிற்காலத்தில் பக்கத்தில் அகலப்படுத்தியதால் அது சாதாரண நகரத்துப் பாலம்தான், ஆட்டோவும் பஸ்ஸும் இரைச்சலும். கீழே படித்துறைக்கு இறங்கிப் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். வளைவின் உள்பக்கத்தில் பாசி பிடித்த வரிசைகள், ஒவ்வொரு தூணின் மேற்குப் பக்கமும் தண்ணீரைக் கிழித்து விடுவதற்காகக் கூராக முன்னே நீட்டியிருக்கிறது. வெள்ளம் மேற்கேயிருந்து வரும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. 1992 வெள்ளத்திலும் நின்றது, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஜங்ஷன் பகுதியெல்லாம் தண்ணீருக்குள் போனபோதும் நின்றது. துவைத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சியிடம் அந்த வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். சோப்புக் கையாலேயே வளைவைக் காட்டினார். "அந்தா மேல, அந்த வளைவு தெரியாத அளவுக்குப் போச்சு தம்பி. குறுக்குத்துறைக் கோயில் முங்கிருச்சு. பாலத்துக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எங்களுக்குத் தெரியும், முதலியார் பாலம்லா."

ஒரு ராணி, ஒரு சிரஸ்தார். இந்தச் சாலையில் பெயர் நின்ற ரெண்டு பேருமே நடக்கிறவனின் கஷ்டம் தெரிந்தவர்கள்.

நாளைக்கு நாங்குநேரி வழியாக ஆரல்வாய்மொழி.

ஞாயிறு இரவு, நாகர்கோவில்

நாங்குநேரியில் வானமாமலைப் பெருமாளைச் சேவித்தோம். பெருமாளுக்குத் தினமும் தைலக்காப்பு நடக்கிறது, அந்த எண்ணெயைக் கோயிலுக்குள்ளேயே இருக்கும் எண்ணெய்க் கிணற்றில் விடுகிறார்கள், பக்தர்கள் மருந்தாக வாங்கிப் போகிறார்கள். மாமா முட்டிக்குத் தேய்க்க ஒரு சீசா வாங்கினார்.

கோயிலை விட்டுத் தெற்கே, நான்குவழிச் சாலையைப் பிடிக்காமல் ஊர்வழி ரோட்டிலேயே போனபோதுதான் நான் தேடிக்கொண்டிருந்தது கிடைத்தது. ஒரு வேப்பமரத்தடியில் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியது, என் தோள் உயரத்துக்கு இருந்தது. தலைச்சுமையோடு வருகிறவன் குனியாமல், யார் உதவியும் கேட்காமல், அப்படியே சுமையை நகர்த்தி அதன் மேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். திரும்பத் தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் அதே உயரம். குறுக்குக் கல்லின் மேல்பக்கம் சுமை உராய்ந்து உராய்ந்து வழுவழுவென்று இருக்கிறது, கீழ்ப்பக்கம் உளி கொத்திய தடம் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது. முகப்பில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள், ஒரு பெண் பெயரின் கடைசி எழுத்துகள் மட்டும் படிக்க முடிந்தன. இப்போது அதன் மேல் யாரோ யூரியாச் சாக்கைத் துவைத்துக் காயப் போட்டிருந்தார்கள்.

எதிர்வீட்டு ஆச்சி வெளியே வந்தார். "என்னய்யா பாக்கிய?" என்றார். யார் வைத்தது ஆச்சி என்று கேட்டேன். "புள்ளத்தாச்சியா செத்துப்போனவ நெனப்புல வச்சது. வயித்துச் சுமைய எறக்காமப் போயிட்டால்லா, வாரவன் போறவன் தலச்சுமையாவது எறங்கட்டும்னு அவ வீட்டுக்காரங்க வச்சது." ராஜாவும் ராணியும் மட்டும் இந்தச் சாலையைப் போட்டுவிடவில்லை. ஒரு வீட்டில் ஒரு சாவு, அதற்கு ரோட்டில் ஒரு கல். தெற்கத்திச் சீமையில் பழைய வழிகளில் இதைப்போல எத்தனையோ இருந்தன, சாலையை அகலமாக்கும்போது பல பெயர்ந்து போயின. எங்கேயாவது பார்த்தால் படம் எடுத்து ஊர்ப் பெயரோடு போடுங்கள், எழுத்து இருந்தால் அதையும்.

வள்ளியூர், பணகுடி தாண்டியதும் மலை பக்கத்தில் வந்துவிட்டது. மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை நிலையம். காவல்கிணற்றில் ரோடு பிரிகிறது, நேரே போனால் கன்னியாகுமரி, வலது பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில். நாங்கள் வலது பக்கம் திரும்பினோம். கணவாயில் வீசும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள், 1980-களில் தொடங்கியது. கார்க் கதவைத் திறக்க மாமா இரண்டு கையும் போட வேண்டியிருந்தது.

மங்கம்மாளின் படை திருவிதாங்கூருக்குள் போனது இந்தப் பக்கமாகத்தான். 1809 பிப்ரவரியில் திருவிதாங்கூரின் தளவாய் (முதன்மை அமைச்சர்) வேலுத்தம்பியை எதிர்த்துக் கம்பெனிப் படை உடைத்து நுழைந்ததும் இங்கே இருந்த கோட்டைச் சுவரைத்தான். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் வரைக்கும் இது வேறொரு ராஜ்யத்தின், அப்புறம் வேறொரு மாநிலத்தின் வாசல். இப்போது ஒரு பஸ் நிறுத்தமும் சாயாக் கடையும். இங்கேயே தேநீரைச் சாயா என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். தோவாளையில் பூச்சந்தை முடிந்து தரையெல்லாம் உதிரி அரளியும் கேந்தியும்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திருமங்கலம், சாத்தூர், கயத்தாறு, நாங்குநேரி, இந்த நான்கிலும் மேம்பாலத்தில் ஏறாமல் அணுகுசாலையைப் பிடித்து ஊருக்குள் போங்கள். தை மாதம் போனால் காரில் இரண்டு மூன்று கேன் தண்ணீரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துக்கொள்ளுங்கள், சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே நடந்து போகிறவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். அவர்கள் அதிகம் நடப்பது இரவில்தான் என்பதால் இருட்டிய பிறகு இடது ஓரத்தில் வேகமாகப் போகாதீர்கள்.